யாருடைய உடலுக்கு அளந்த பட்டி?

மலையகத்தில் வாகன விபத்தொன்று நிகழ்ந்தால் மறுநாள் இரண்டு விளக்கங்கள் தவறாது வெளிவரும். ஒன்று சாரதியின் கவனயீனம், மற்றையது விதி. முன்னையது விசாரணையை விரைவில் முடித்துவைக்கிறது. பின்னையது விசாரணையே வேண்டாம் என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கின்றது. வாகனம் மோதிய கணத்தில் உள்ளே இருந்த உடல்களைக் காக்க என்ன இருந்தது? இருந்தது அவ்வுடல்களுக்குப் பொருந்தியதா?

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா றதெல்லவில் பஸ்ஸொன்று வானொன்றுடனும் முச்சக்கரவண்டியொன்றுடனும் மோதியது. மாண்டவர் 7 பேர். அவர்களுள் 6 பேர் வானில் இருந்தோர். 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் வீழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கைக்குழந்தையைத் தன் உடலால் மூடிக் காத்து, தான் மாண்டுபோன தாயொருத்தியின் செய்தி நாடெங்கும் பரவிற்று. அவளது தாய்மை போற்றப்பட்டது, போற்றத்தக்கதே. ஆனால் ஒரு தாயின் கைகள் ஏன் ஆசனப்பட்டியின் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது என்று கேட்பதும் அவளுக்குச் செய்யும் மரியாதையே. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் அரை மீற்றர் தூரத்துள் நின்றுவிட்டால், 7 கிலோகிறாம் எடையுள்ள குழந்தையைத் தடுத்துப் பிடிக்கச் சுமார் 140 கிலோகிறாம் எடையைத் தூக்குவதற்கொப்பான பலம் வேண்டும். எந்த அன்புக்கும் அப்பலம் கிடையாது.

கொத்மலைக்குப் பின்னர் அரசு வாளாவிருக்கவில்லை. நீண்டதூர பஸ் சாரதிகளுக்கும், அதிவேக நெடுஞ்சாலைகளிற் செல்லும் பயணிகளுக்கும் ஆசனப்பட்டி கட்டாயம் என்ற அறிவிப்புகள் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. கார்களின் முன்னாசனங்களுக்கு அது 2011லேயே கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அதிவேக நெடுஞ்சாலை எதுவும் மஸ்கெலியாவை எட்டவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பட்டியைக் கட்டு என்று ஆணையிடும் சட்டம், அந்தப் பட்டி யாரை அளந்து செய்யப்பட்டது என்பதை மட்டும் கேட்பதில்லை.

தோளையும் இடுப்பையும் ஒருங்கே தழுவும் மும்முனைப் பட்டியைச் சுவீடனின் வொல்வோ நிறுவனப் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கினார். பிற நிறுவனங்களும் அதனைத் தடையின்றிப் பயன்படுத்த அந்நிறுவனம் இடமளித்தது. மனித உயிர்களை அதனைப்போற் காத்த கருவிகள் சிலவே. எனவே இங்கு வழக்குப் பட்டிக்கு எதிரானதன்று. அதனைச் சோதிக்கப் பயன்பட்ட பொம்மைக்கு எதிரானது. 1976இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஆக்கிய மோதற் பொம்மையே அன்றுதொட்டு உலகெங்கும் முன்மோதற் சோதனைகளின் அளவுகோலாயிற்று. அதன் உயரம் ஏறத்தாழ 175 சென்ரிமீற்றர். எடை 78 கிலோகிறாம். அமெரிக்க ஆடவனின் சராசரி அது. பெண்ணுக்கெனப் பின்னர் வந்த பொம்மையோ பெண்ணுடலை ஆராய்ந்து பிறந்ததன்று. அந்த ஆடவனையே சுருக்கிச் செய்தது. சராசரிப் பெண்ணுடலைக் கொண்ட மோதற் பொம்மையொன்றைச் சுவீடனில் அஸ்ற்றிட் லிண்டர் என்னும் ஆய்வாளரின் குழு 2022இல்தான் வெளிக்கொணர்ந்தது. போலினின் பட்டிக்குப் பின் 63 ஆண்டுகள் கடந்திருந்தன!

இனி மஸ்கெலியாவுக்கு வருவோம். நோர்வூட் வழியாக ஹட்டனுக்குச் செல்லும் வானின் முன்னாசனத்தில் 145 சென்ரிமீற்றர் உயரமுள்ள கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி அமர்கிறாள் என்று கொள்வோம். அத்தகைய உயரத்தினர் தோட்டங்களில் அரியவர் அல்லர். பட்டியின் மேற்பகுதி தோளின் நடுவே செல்லவேண்டியது. அவளுக்கோ கழுத்தை அறுக்கிறது. வலி தாளாமல் அதனை அக்குளுக்குக் கீழோ முதுகின் பின்னோ தள்ளிவிடுகிறாள். ஆசனத்தின் ஆழம் அவளுடைய தொடைக்கு நீளமாதலால் முதுகு சாய்மானத்தைத் தொடாமல் முன்னே சரிந்து இருக்கிறாள். இடுப்பெலும்பின் மீது படியவேண்டிய கீழ்ப்பட்டி வயிற்றின் மேல் ஏறிவிடுகிறது. மோதலின்போது உடல் பட்டியின் கீழாக வழுகும். எலும்பு தாங்கவேண்டிய விசையைக் குடலும் மண்ணீரலும் தாங்கும். அவள் கர்ப்பிணியாயின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பொலிசார் நோக்கில் அவள் சட்டத்தை நிறைவேற்றிவிட்டாள்.

காற்றுப்பையின் கதையும் இதுவே. பட்டி அணியாத சராசரி ஆடவனையும் காக்கவேண்டும் என்ற அமெரிக்க விதிக்கு அமைய, தொடக்ககாலக் காற்றுப்பைகள் மிகுந்த விசையுடன் விரியுமாறு செய்யப்பட்டன. கண்ணிமைக்கும் நேரத்தினும் குறுகிய பொழுதில் அவை வெடித்து விரிவன. விளைவு என்ன? 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக மோதல்களில் காற்றுப்பை விரிந்ததாலேயே 290க்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டனர் என்பது அந்நாட்டு அரச நிறுவனத்தின் மதிப்பீடு. சிறுவரும், கால் எட்டாமையால் சுக்கானை ஒட்டி அமரும் குள்ளமானவர்களும் அவர்களுள் கணிசமானோர். 1998ஐ அண்டிய காலத்தில் விசை குறைக்கப்பட்ட பின்னரே நிலைமை திருந்தியது. ஒப்பான மோதல்களில், பட்டி அணிந்த பெண் சாரதி கடுங்காயமுறும் வாய்ப்பு, பட்டி அணிந்த ஆண் சாரதியைவிட நூற்றுக்கு 47 அதிகம் என வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் எழுதினர். புதிய கார்களில் இவ்வேறுபாடு குறைந்துவருகிறது என்று இதற்கு மறுப்புரைப்பர். உண்மைதான். ஆனால் நல்லதண்ணிப் பாதையில் ஓடும் வான்களுள் புதியன எத்தனை? யப்பானில் ஒருவர் பாவித்துக் கழித்ததைக் கொழும்பில் ஒருவர் வாங்கி, அவர் கழித்ததை ஹட்டனில் ஒருவர் வாங்கியோட்டுவதே இங்குள்ள வழமை. பின்னாசனப் பட்டிகள் இருப்பினும் அவை ஆசன உறைகளின் அடியிற் புதைந்து கிடக்கும்.

'சம்பளமும் காணியும் வீடும் கேட்டு நிற்கும் மக்களுக்குக் காரின் பட்டியும் பையும் ஒரு கேடா?' என்று வினவுவோர் உளர். நம் மத்தியிலேயே முற்போக்காளர் எனப்படுவோர் சிலரும் இவ்வாறு பேசுகின்றனர். அவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டனர். பட்டி பொருந்தாத அந்த 145 சென்ரிமீற்றர் உயரம் எங்கிருந்து வந்தது? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்துறையில் நூற்றுக்கு 32 பேர். இது இயற்கையின் அளவன்று. தலைமுறை தலைமுறையாகக் குறைத்துக் கொடுக்கப்பட்ட சம்பளமும், குறைத்து உண்ணப்பட்ட சோறும், ஈரம் காயாத லயமும் சேர்ந்து எழுதிய அளவு. ஆகவே சம்பளக் கேள்வியும் பட்டிக் கேள்வியும் இரண்டல்ல. வறுமை அவளைக் குறுக்கிற்று. குறுகியவளை வாகனம் காக்க மறுக்கிறது. முதலாவது அநீதி தீரும்வரை இரண்டாவதைப் பற்றிப் பேசாதிருங்கள் என்பது, இன்று அந்த வானில் ஏறுபவளிடம் இன்னும் இரண்டு தலைமுறை பொறுத்திரு என்று சொல்வதாகும்.

கருவியை உடலுக்கேற்ப அமைத்தல் ஏதோ மேல்நாட்டாரின் நுண்ணறிவு என்று மயங்கவும் வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிற்றை ஒவ்வொரு பெண்ணும் தன் உயரத்துக்கும் முதுகுக்கும் ஏற்பவே முடிந்துகொள்வாள். உயரமானவளின் கயிற்றைக் குட்டையானவள் மாட்டினால் கூடை தொடையில் இடிக்கும் என்பது மலையில் நிற்கும் சிறுமிக்கும் தெரியும். கொழுந்து சிந்தக்கூடாது என்பதற்காகக் கயிற்றை அளந்துகொள்ள இடமளித்த தோட்டத்துறை, அதே பெண்களை லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் ஏற்றிச் செல்லும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைக்கூட அளந்து வைத்ததில்லை என்பது தற்செயலன்று.

வொல்வோ நிறுவனம் 2025இல் புதியதொரு பட்டியை அறிவித்தது. அமர்ந்திருப்பவரின் உயரம், எடை, இருக்கும் நிலை ஆகியவற்றை உணரிகள் அறிந்து, மோதலின் கடுமைக்கேற்ப நெஞ்சின் மீதான அழுத்தத்தை 11 படிகளில் மாற்றியமைக்க வல்லது அது. முன்னைய பட்டிகளில் இப்படிகள் மூன்றே. சிறிய உடலினருக்குத் தளர்வாகவும் பருத்த உடலினருக்கு இறுக்கமாகவும் அது தானே அமையும். வியக்கத்தக்க சாதனை! அத்தகைய கார் பாவித்த வண்டியாக மஸ்கெலியாவை வந்தடையும்போது இன்றைய பல்கலைக்கழக மாணவர் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருப்பர். அதுவரை காத்திருப்பது கொள்கையாகாது.

விலையுயர்ந்த உணரிகள் இன்றியே செய்யக்கூடியவை பல. தோட்பட்டியின் மேல்முனையை மேலும் கீழும் நகர்த்தும் சிறு வழுக்கி பல கார்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. வான்களுக்கும் பஸ்களுக்கும் அதனைக் கேட்கலாம். சிறுவரை உயர்த்தி அமர்த்தும் மெத்தாசனத்தைத் தோட்டப்பள்ளி மாணவரை ஏற்றும் வான்களுக்கு விதிக்கலாம். குழந்தையைப் பின்நோக்கி வைக்கும் ஆசனத்தைக் காற்றுப்பையின் முன் வைத்தலாகாது என்பதையும், சுக்கானுக்கும் நெஞ்சுக்கும் இடையே 25 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும் என்பதையும் சாரதிப் பரீட்சையில் தமிழில் கேட்கலாம். இவையனைத்துக்கும் முன்னர் ஒரு பணி உண்டு: இந்நாட்டவரின் உடலளவுகளை, தோட்டப் பெண்களையும் பிள்ளைகளையும் விலக்காது, எடுத்தல். பொறியியற் பீடமும் மருத்துவப் பீடமும் நாடாநூலுடன் மலையேறினால் ஒரு விடுமுறைக் காலத்திற் தொடங்கக்கூடிய பணி இது. அவ்வளவுகள் கையில் இருந்தால், அடுத்த தொகுதி பஸ்களை வாங்கும் கேள்விப்பத்திரத்தில் ஆசனத்தின் ஆழம் எவ்வளவு, பட்டியின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் என்று எழுதிக் கேட்கலாம். கேட்காதவரை விற்பவர் 175 சென்ரிமீற்றர் ஆடவனுக்குரியதையே அனுப்புவார். அதில் அவருக்கு நட்டமில்லை.