சத்துமாவு யார் வீட்டுப் பிச்சை?

ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் 57.4 விழுக்காடு. முந்தைய 2015-16 ஆய்வில் இவை 58.6, 50.7 என்றிருந்தன. குறைய வேண்டியது கூடியிருக்கிறது.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு ஆண்டுகளில் இந்தக் குறை நேர்ந்தால் கவனமும் கற்றலும் பாதிக்கப்படும். பிறகு பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு 'மந்தம்' என்று பெயர் வைப்பார்கள். சேரிப் பிள்ளையாக இருந்தால் 'அவங்க புத்தி அவ்வளவுதான்' என்று சாதியின் மேல் பழி போடுவார்கள். வயிற்றுக்கு வராத உணவு, பிறவிக் குறையாகத் திரிக்கப்படுகிறது.

தாய்ப்பாலில் குறையில்லை. முதல் ஆறு மாதம் அதுவே போதும். தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு அதுவரை குழந்தையைக் காக்கும். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பே இருப்பதால், ஆறு மாதத்துக்குப் பின் அது உணவிலிருந்துதான் வர வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயதுவரை நிறுத்தாமல், கூடவே இணை உணவு ஊட்ட வேண்டும். எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்குச் சேமிப்பு முன்னதாகவே தீரும். மருத்துவரிடம் கேட்டுச் சொட்டு மருந்தை முன்பே தொடங்க வேண்டும்.

வெறும் கஞ்சித் தண்ணீர் இணை உணவு ஆகாது. நன்கு வேகவைத்து மசித்த ஈரல், இறைச்சி, முட்டை, பருப்பு, கீரை எல்லாம் ஆறு மாதக் குழந்தைக்கு ஆகும். எளிதில் உடலில் சேரும் இரும்பு இறைச்சியில்தான் இருக்கிறது. எந்த உணவைச் சொல்லி நம்மை இழிவுபடுத்தினார்களோ, அந்த மாட்டு ஈரலுக்கும் மருத்துவத்தில் மதிப்பு உண்டு. வெட்கப்பட்டு அதைப் பிள்ளைக்கு மறுக்க வேண்டாம்.

தினமும் ஈரல் வாங்கக் கூலி போதாது. அதற்காகத்தான் இரும்பும் பிற சத்துகளும் செறிவூட்டிய சத்துமாவு. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் தரப்படுவது அதுதான். ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரை இலவச ஊட்டச்சத்து உணவு, 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. அங்கன்வாடி வழியாகத்தான் அது வர வேண்டும். புதுச்சேரிக்கும் அதே சட்டம். கூடவே 2018இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சத்து மருந்து தர வேண்டும். தலசீமியா உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் இரும்புச் சத்து தரக்கூடாது.

புதுச்சேரியில் 1964 ஆணையைக் காட்டி, குடிபெயர்ந்து வந்த தலித்துகளுக்குச் சாதிச் சான்றிதழ் மறுக்கப்படுகிறது. அங்கன்வாடிக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை. 2015 முதல் இங்கே ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போட்டார்கள். நாடெங்கும் ரேஷனில் செறிவூட்டிய அரிசி வந்தபோது, பணத்தை வாங்கிக்கொண்டு சந்தை அரிசி சமைத்த தாய்க்கு அது எட்டவில்லை. கடைகள் மீண்டும் திறந்தது 2024 அக்டோபரில்தான். தாய்க்குக் கிடைக்காத இரும்பு பிள்ளைக்கு எங்கிருந்து சேரும்?

அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருந்தால், கூலிக்குப் போகும் சேரித்தாய் அங்கே போய் நிற்கத் தயங்குவாள். இதனால்தான் தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லாத கிராமமோ குடிசைப் பகுதியோ கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று 2006 டிசம்பரில் அது ஆணையிட்டது.

லாஸ்பேட்டைக் கல்லூரிகளுக்குப் பேருந்தேறி வரும் நம் கிராமத்து மாணவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் குழந்தைகளை எண்ணுங்கள். ஆறு மாதம் கடந்தவர்களில் யாருக்கு மாவும் மருந்தும் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று எழுதுங்கள். வாங்கிய மாவு குழந்தைக்கே போகிறதா, வீடே பங்கிட்டுக்கொள்கிறதா என்றும் கேளுங்கள். அந்தப் பட்டியலோடு மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறைக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கற்பி, ஒன்றுசேர், போராடு என்று அண்ணல் சொன்னதை இந்த மனுவிலிருந்தே தொடங்கலாம்.