குவார்ட்டருக்குக் கீழே இல்லையா?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால், பெண்கள் அருவிக்கும் ஆண்களில் சிலர் 'இதோ வந்துடறேன்' என்று வேறு பக்கமும் போவது வழக்கமாச்சே! பெரிய ஓட்டல் பாரில் 'மார்ட்டினி' என்றால், 'எலுமிச்சைத் தோலா, ஆலிவ் காயா?' என்று கேட்டு, ஜின் சுமார் 60 மில்லி அளந்து, வெர்மூத் கொஞ்சம் சேர்த்துக் கலக்கித் தருவார்களாம். 2003 முதல் சில்லறை விற்பனையை நடத்தும் டாஸ்மாக்கிலோ, பிராந்தி, விஸ்கி என்றால் ஆரம்பமே 180 மில்லி. மூன்று காக்டெயிலுக்கான சரக்கு! பாதி போதும் என்பவர் முன்பின் தெரியாத ஆளோடு 'கட்டிங்' போடணும். காசு கொடுத்ததைக் கொட்ட மனசு வருமா? 2023-ல் 90 மில்லி பாக்கெட் பேச்சு வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. பள்ளிப் பிள்ளைகள் கையில் போகுமே என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால், முழு குவார்ட்டர் போட்டவர்தானே ராத்திரி வேன் ஓட்டுகிறார்? சீசனிலாவது தென்காசி சாலையில் போலீசார் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்லட்டும். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

- ஒரு வாசகி, தென்காசி.