சுவிட்ச் ஒரு கையில், பில் வேறு கையில்

மே மாதத் தில்லி. வெளியே வெயில் 43 டிகிரி. மத்திய அரசு அலுவலக அறை ஒன்றில் ஏ.சி. 18 டிகிரியில் ஓடுகிறது. அதிகாரியின் நாற்காலி முதுகில் தயாராக ஒரு சால்வை! பக்கத்து அறையில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஆறு மின்விசிறிகள் ஆறு காலி நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கின்றன.

ஊழியர்களின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. 'வெளியே செல்லும்போது விளக்கை அணைக்கவும்' என்ற சுற்றறிக்கை வருவதும், எல்லோரும் கையெழுத்திட்டபின் அது ஃபைலில் உறங்குவதும் அதனால்தான். ஆனால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. சுவிட்சைத் தொடுபவர் பில்லைப் பார்ப்பதே இல்லை. அது கணக்குப் பிரிவுக்குப் போகிறது. கட்டிடத்தைப் பராமரிப்பது பெரும்பாலும் மத்தியப் பொதுப்பணித் துறை. ஒரு துறை சிக்கனமாக இருந்தாலும், மிச்சப் பணத்தை நிதியாண்டு முடிவதற்குள் திருப்பி ஒப்படைக்க வேண்டும். சேமித்தவருக்கு மிஞ்சுவது, அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையுமோ என்ற கவலைதான்.

வழி தெரியாமல் இல்லை. 2001ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002ல் எரிசக்தித் திறன் பணியகம் பிறந்தது. ராஷ்டிரபதி பவன், மின்துறை அமைச்சகம் இயங்கும் ஷ்ரம் சக்தி பவன் உள்ளிட்ட தலைநகரக் கட்டிடங்களில்தான் முதல் தணிக்கைகள் நடந்தன. ஏ.சி.யை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது பணியகத்தின் கணக்கு. நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் ஓடத் துவங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதன்பின் ரிமோட் அதிகாரியின் கையில்.

வாங்குவதிலும் சிக்கல். பழைய பாணி மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்தியது 30 வாட். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் ஓடினால் 72 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 576 ரூபாய். விலை 1,500 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் மூன்றே ஆண்டில் கைக்கு வந்துவிடும். ஆனால் டெண்டரில் ஜெயிப்பது பெரும்பாலும் குறைந்த விலைதான். மூன்று ஆண்டுக்குள் அதிகாரிக்கே மாற்றல் வந்துவிடலாம்.

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2009ல் துவங்கிய அரசுத் துறை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல்., தன் பணத்தைப் போட்டு விளக்குகளையும் விசிறிகளையும் மாற்றிவிட்டு, மிச்சமாகும் தொகையிலிருந்து அதைத் திரும்பப் பெறும் முறையைக் கொண்டுவந்தது. அடுத்தது ப்ரீபெய்ட் மீட்டர். அரசு அலுவலகங்களின் மின் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தலாம் என்று நிதி அமைச்சகம் 2021 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. முதலில் பணம், பிறகு மின்சாரம் என்றால், எவ்வளவு கரைகிறது என்று யாராவது ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னும் ஒரு படி பாக்கி. சேமித்த பணத்தில் ஒரு பங்கு அந்த அலுவலகத்துக்கே திரும்ப வேண்டும் - குடிநீருக்கோ, கழிப்பறைக்கோ. அப்போது சுற்றறிக்கை தேவைப்படாது. சால்வையும் வீட்டிலேயே இருக்கும்.