எழுவாய் இல்லாத வாக்கியம்

வேலைநீக்கத்தைப் பற்றிக் கவிதைகள் வரத் தொடங்கிவிட்டன. கண்ணாடிக் கட்டிடம், அணைந்த கணிப்பொறித் திரை, கழுத்திலிருந்து கழற்றிய அடையாள அட்டை ஆகிய மூன்றும் இருந்தால் கவிதையாகிவிடும் என்று நம் நண்பர்கள் தீர்மானித்துவிட்டதாகத் தெரிகிறது. இவற்றில் ஒருவன் வேலை இழக்கிறான். யாரும் அவனை நீக்குவதில்லை. மழை பெய்வதுபோல் வேலை போகிறது. இந்தப் போலிச் சோகத்தின் மீது எனக்கு ஆட்சேபணை உண்டு.

நான் இருக்கும் கீரமங்கலத்தில் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. சாய்த்தது யார் என்று கேட்க வழியில்லை; அது இயற்கை. வேலைநீக்கம் கஜா அல்ல. அதற்கு ஒரு கூட்டம் உண்டு, ஒரு பட்டியல் உண்டு, பட்டியலின் கீழே ஒரு கையெழுத்து உண்டு. இந்த வித்தியாசத்தை அழிப்பதுதான் கவிஞரின் காரியம் என்றால் நிர்வாகம் அவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கலாம்.

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. நிறுவனம் எதிர்காலத்துக்குத் தயாராகிறதாம். வேலை ஒதுக்க இயலாதவர்களை ‘விடுவிக்கிறதாம்’. கைதியை விடுவிப்பார்கள். மாதத் தவணை கட்டுகிறவனை எதிலிருந்து விடுவிக்கிறார்கள்? நம் கவிஞர்கள் கவனிக்க வேண்டிய சொல் இது. ஒருவர்கூட இதைத் தொடவில்லை.

இதற்குப் பின்னால் உள்ள சூட்சுமத்தையும் சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் நஷ்டஈடும் தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இதை வைத்திருக்கிறது. ஆனால் ஊழியன் தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பே அல்ல. ஆகவே எழுதச் சொல்கிறார்கள். நீக்கியவனுடைய வினை நீக்கப்பட்டவனுடைய கையெழுத்தாக மாறுகிறது. எழுவாயை இடம் மாற்றுகிற இந்த இலக்கணத்தைவிடப் பெரிய இலக்கிய விஷயம் நமக்கு எங்கே கிடைக்கும்?

இன்னொரு கோஷ்டி, ‘நன்றாகச் சம்பாதித்தார்கள், இப்போது அனுபவிக்கட்டும்’ என்கிறது. இதில் சரித்திர நியாயம் இருப்பதாகவும் சொல்கிறார்கள்: அமெரிக்கக் குமாஸ்தாவின் வேலை சென்னைக்கு வந்தது, பாரத ஸ்டேட் வங்கியின் பேரேடுகளைக் கணிப்பொறிக்குள் கொண்டுபோனதும் டி.சி.எஸ்.தான், எனவே இது வினைப்பயன். வங்கிக் குமாஸ்தாவாகிய நான் இந்த ஆறுதலை ஏற்க மறுக்கிறேன். மென்பொருள் எழுதிய பையன் என் வேலையைக் குறைக்கத் தீர்மானித்தவன் அல்ல. தீர்மானித்தவர்கள் அப்போதும் வேறு இடத்தில் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அந்தப் பையன் படிக்க வாங்கிய கல்விக் கடனில் இங்கே பூ விவசாயம் செய்யும் தகப்பனார் கூட்டுக் கடன்தாரர். மகன் ‘விடுவிக்கப்பட்டால்’ தகப்பனாரை யாரும் விடுவிப்பதில்லை. வினைப்பயன் என்று பேசுகிறவர்கள் அவர் செய்த வினை என்ன என்று சொல்லட்டும்.

வித்தியாசம் ஒன்று உண்டு. 1983இல் வங்கி ஊழியர் சங்கங்கள் கணிப்பொறி விஷயமாக நிர்வாகங்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன. முழுவதும் ஜெயிக்கவில்லை, எதிரில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதாவது தெரிந்தது. மென்பொருள் ஊழியரும் சங்கம் வைக்கலாம் என்பதைத் தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அதுவரை அவர்களே தங்களைத் தொழிலாளி என்று நினைக்கவில்லை. ‘அசோசியேட்’ என்றால் கூட்டாளி என்று நம்பினார்கள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை.

இதெல்லாம் சிறுபத்திரிகைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நம் நவீனத்துவம் மாதச் சம்பளத்தின் நிழலில் வளர்ந்தது. ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் இருந்தார், சா. கந்தசாமி இந்திய உணவுக் கழகத்தில், வண்ணதாசன் வங்கியில், ஜெயமோகன் தொலைபேசித் துறையில். ஐந்து மணிக்குப் பிறகு மனிதன் தனக்குச் சொந்தம் என்ற ஏற்பாட்டில்தான் நம் பக்கங்கள் எழுதப்பட்டன. அந்தத் தொலைபேசித் துறையின் வாரிசான பி.எஸ்.என்.எல்.லில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000 பேருக்கு மேல் ‘விருப்ப ஓய்வில்’ வெளியேறினார்கள். சம்பளம் மாதக்கணக்கில் தாமதமான இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? என் கவுண்டர் வேலையில் ஒரு பகுதி இன்று மளிகைக் கடையில் இயந்திரம் வைத்திருக்கும் கமிஷன் ஏஜெண்டிடம் இருக்கிறது. அவருக்கு ஐந்து மணி என்பதே கிடையாது. அடுத்த தலைமுறைக் கவிஞன் அவராக இருந்தால் எப்போது எழுதுவார்?

நான் கேட்பது கோஷக் கவிதை அல்ல. அதன் லட்சணத்தை நாம் பார்த்துவிட்டோம். கேட்பது துல்லியம். அந்த அறையில் யார் உட்கார்ந்திருந்தார், ராஜினாமாக் கடிதத்தின் வாசகத்தை யார் தயாரித்தார், எத்தனை நிமிஷம் கொடுத்தார் என்று எழுதுங்கள். ‘வேலை போயிற்று’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, போக்கியவன் பெயரோடு வாக்கியத்தை மறுபடி ஆரம்பியுங்கள்.