மணியடித்தால் மட்டும் போதாது

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமை நிர்வாகி அவர்களுக்கு,



மாலை ஆறரை மணிக்குப் பூங்கா இணைப்புப் பாதை எதிலும் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. தள்ளுவண்டியில் குழந்தை, காதில் இசையோடு ஓடும் இளைஞர், மெதுவோட்டத்தில் ஒரு தாத்தா, நீளக் கயிற்றில் நாய். இவர்களுக்கு நடுவே முதுகில் உணவுப்பையோடு ஒருவர் மின்சைக்கிளில் வருகிறார். எல்லாரும் சட்டப்படிதான் அங்கே இருக்கிறார்கள். சிக்கலே அதுதான்.

2019 செப்டம்பரில் பெடோக்கில் சைக்கிளில் போன 65 வயதுப் பெண் ஒருவர், மின்ஸ்கூட்டர் மோதிச் சில நாள்களில் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. சரியான முடிவு, கொஞ்சம் தாமதமாக வந்தது என்றும் சொல்லலாம். ஆனால் தடைபட்ட வண்டிகள் காற்றில் கரையவில்லை. சைக்கிள் பாதைகளுக்கும் பூங்கா இணைப்புப் பாதைகளுக்கும் நகர்ந்தன.

நடப்பவரும் ஓட்டுபவரும் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பகிர்வுப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். நடைபாதையில் சாதாரண சைக்கிளுக்கே 10தான். நடைபாதையில் நடப்பவரும் பகிர்வுப் பாதையில் நடப்பவரும் ஒரே ஆள்; பலகை மாறியதும் அவருடைய எலும்பு உறுதியாகிவிடுவதில்லை. 25 என்பது நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். ஓட்டுபவர் சுதாரித்து பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே வண்டி அந்தத் தூரத்தைத் தாண்டிவிடும். 15இல் மோதுவதைவிட 25இல் மோதும் ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

கால்வாயோரப் பாதை பாலத்துக்கு அடியில் இறங்கித் திரும்பும் இடங்களைப் பாருங்கள். எதிரே வருபவர் தெரியாது, மழை பெய்திருந்தால் தரை வழுக்கும். இறங்கித் தள்ளிச் செல்லச் சொல்லும் பலகை இருக்கிறது, இறங்குபவர் அபூர்வம். மணியடித்துக்கொண்டே பாய்கிறார்கள். மணி கேட்டவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்பது அவருக்கே கடைசி நொடியில்தான் தெரியும்.

ஆணையம் சும்மா இருக்கவில்லை. தீப்பாதுகாப்புச் சான்று, 20 கிலோ எடை வரம்பு, மின்சைக்கிளில் 25க்கு மேல் மோட்டார் உதவி நின்றுவிடவேண்டும் என்ற விதி எல்லாம் உண்டு. 2022 முதல் மின்ஸ்கூட்டரும் மின்சைக்கிளும் ஓட்டுபவர்களுக்கு இணையவழி எழுத்துத் தேர்வும் கட்டாயம். ஆனால் திரையில் சரியான விடையைத் தட்டியவருக்கு ஈரத்தரையில் பின்சக்கரம் சறுக்காமல் நிறுத்தத் தெரியும் என்று யார் சொன்னது?

பழியை உணவு விநியோக ஊழியர்கள் மேல் போடுவது எளிது. நேரத்தோடு ஓடுவது அவர்கள் பிழைப்பு. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம் அவர்களுக்கு வேலையிடக் காய இழப்பீட்டை உறுதிசெய்தது நல்ல தொடக்கம். அடிபட்ட பிறகு கிடைக்கும் பணம் அது. அடிபடாமல் இருக்கக் கிடைக்கும் நேரத்தைப் பற்றி நிறுவனங்களோடு யாராவது பேசவேண்டாமா?

நடப்பவர்களும் குறையற்றவர்கள் அல்லர். நால்வர் கைகோத்துப் பாதையை அடைத்து நடந்தால் எந்த விதியாலும் காப்பாற்ற முடியாது.

ஆகவே தங்களிடம் இரண்டே கோரிக்கைகள். பகிர்வுப் பாதையில் 25 இருக்கட்டும், ஆனால் நடப்பவரைக் கடக்கும்போதும் பாலத்தடித் திருப்பங்களிலும் 10 என்று விதி வரட்டும். அந்த எண்ணைத் தரையிலேயே பெரிதாக எழுதுங்கள். எழுத்துத் தேர்வோடு, பிரேக் பிடித்துக் காட்டும் செய்முறைத் தேர்வு ஒன்றையும் சேருங்கள். அடுத்த விதிமுறை மறுஆய்வில் இவ்விரண்டையும் எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பாதையைப் பகிர்ந்துகொள்பவர்கள்