முப்பதுக்கு நாற்பது

பெங்களூரில் மனை என்றாலே முப்பதுக்கு நாற்பதுதான். முப்பதடி அகலம், நாற்பதடி நீளம், மொத்தம் 1,200 சதுர அடி. நடுத்தரக் குடும்பத்தின் ஆயுட்காலக் கனவை அளக்க அந்த நகரம் கண்டுபிடித்த அலகு அது. எலெக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றியுள்ள நீலாத்ரி நகர், தொட்டதோகூர், கோனப்பன அக்ரஹாரத் தெருக்களில் இந்த அலகின் இரண்டு முகங்களையும் பார்க்கலாம். ஒரு மனையில் மாடிக்கு மேல் மாடியாக ஒரு விடுதி. பக்கத்து மனையில் எருக்கஞ்செடி, கட்டட இடிபாடு, பிளாஸ்டிக் பைகள். நடுவே, 'இந்த இடம் விற்பனைக்கு அல்ல' என்று ஒரு பலகை.

இந்த முரண்பாட்டின் வேர் எலெக்ட்ரானிக் சிட்டி பிறந்த விதத்திலேயே இருக்கிறது. ஆர்.கே. பாலிகாவின் கனவை நனவாக்க, கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் 1978இல் 332 ஏக்கரில் உருவாக்கியது ஒரு தொழிற்பேட்டையை. தொழிற்சாலைக்குத்தான் இடம் ஒதுக்கப்பட்டது. வேலை முடிந்தவர்கள் தலைசாய்க்கும் இடம் சுற்றியிருந்த கிராமங்களின் பொறுப்பாயிற்று. பிறகு மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. 2010இல் ஓசூர் சாலையின் மேல் உயர்மட்டப் பாலம் வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஒவ்வொரு வரவும் நில விலையை ஒரு படி ஏற்றியது. எருக்கஞ்செடியின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது.

அப்படியானால் பாழ்மனைப் பிரச்சினையைச் சந்தையே தீர்த்துவிடாதா? தீர்க்கத்தான் செய்கிறது. ஆனால் யாருக்காக என்பதுதான் கேள்வி. காலி மனையில் எழுவது பெரும்பாலும் 'பி.ஜி.' எனப்படும் கட்டண விடுதி. கட்டிலை எண்ணி வாடகை வாங்கினால் கிடைக்கும் வருமானம் ஒரு குடும்பத்துக்கு வீட்டை விட்டால் கிடைக்காது. விடுதிவாசி ஒருவருக்குக் குறைந்தது 70 சதுர அடியாவது வேண்டும் என்று மாநகராட்சி 2024இல் விதி வகுக்க வேண்டியிருந்தது என்றால் நெரிசலை ஊகித்துக்கொள்ளலாம். இளம் பொறியாளருக்கு இது இரண்டு வருட அசௌகரியம். அதே அலுவலகத்தில் தரை துடைப்பவருக்கும் வாசலில் நிற்கும் காவலாளிக்கும், பிள்ளைகளோடு வாழ ஓர் அறையும் சமையல்கட்டும் வேண்டும். அதைக் கட்டத்தான் ஆளில்லை.

மனைகள் சும்மா கிடப்பதற்குக் காரணங்கள் உண்டு. சில, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கில் சிக்கியவை. சில, வெளிநாட்டிலிருந்து வாங்கிப் போட்டு விலை ஏறக் காத்திருப்பவை. இன்னும் பல, விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமல் கூறு போட்டு விற்கப்பட்டவை. மாநகராட்சிப் பதிவேட்டில் 'பி காத்தா' என்ற இரண்டாந்தர இடம்தான் இவற்றுக்குக் கிடைத்தது. வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் குதிரைக்கொம்பு. இவற்றை முறைப்படுத்தக் கர்நாடக அரசு 2025இல் ஒரு திட்டத்தை அறிவித்தது.

நாடு முழுவதும் இதே கதைதான். 2012இல் அமிதாப் குண்டு தலைமையிலான நிபுணர் குழு, நகர்ப்புற இந்தியாவுக்கு 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் வேண்டியவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடப்பதாகச் சொன்னது. பசி ஒருபுறம், சோறு ஆறிப்போவது மறுபுறம்.

அரசுகளுக்குப் பெரிய திட்டங்கள் மீதே மோகம். பெரிய திட்டம் சில நேரம் பலன் தரும்: ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். ஆனால் பெரிய மனை பெரிய பசியையும் தூண்டும். பெங்களூர் எஜிபுராவில் ஏழைகளுக்காக மாநகராட்சி கட்டிய குடியிருப்புகள் தரமின்றிச் சரிந்தன. அங்கேயே தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த சுமார் 1,500 குடும்பங்கள் 2013 ஜனவரியில் வெளியேற்றப்பட்டன. தமிழ் பேசும் குடும்பங்களும் அவற்றில் ஏராளம். அந்த நிலத்துக்குப் போடப்பட்ட திட்டத்தில் ஒரு பகுதி வணிக வளாகத்துக்கு. முப்பதுக்கு நாற்பதில் வணிக வளாகம் கட்ட யாரும் ஆசைப்பட மாட்டார்கள். சிறிய மனையின் பலமே அதுதான்.

பலவீனமும் உண்டு. 1,200 சதுர அடி மனையில் 2,000 சதுர அடி கட்டினால், படிக்கட்டு போக 300 சதுர அடி வீடுகள் ஆறு தேறும். ஆறு வீட்டுக்கும் அறுபது வீட்டுக்கும் வரைபடம், அனுமதி, வழக்கறிஞர் என்று அலைச்சல் ஏறக்குறைய ஒன்றுதான். செலவைப் பங்கிட ஆறு பேர் போதாது. நிலத்தின் விலையையும் சேர்த்தால் வாடகை காவலாளியின் சம்பளத்தையே விழுங்கிவிடும்.

லண்டன் இந்த முடிச்சை அவிழ்க்க 2018இல் ஒரு வழி கண்டது. போக்குவரத்துக் கழகம் போன்ற பொது அமைப்புகளிடம் முடங்கிக் கிடந்த துண்டு நிலங்களை, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான ஒப்பந்தத்துடன் சிறிய கட்டுநர்களுக்குத் திறந்துவிட்டது. அலைச்சல் குறைந்தால் செலவும் குறையும் என்பதே சூத்திரம்.

பெங்களூர் செய்வது நேரெதிர். நகர வளர்ச்சி ஆணையம் தன்னிடமுள்ள மூலை மனைகளையும் விடுபட்ட மனைகளையும் ஏலம் விடுகிறது. அதிக விலை கேட்டவருக்கே மனை. கஜானாவுக்கு லாபம், சந்தேகமில்லை. ஆனால் ஏழைக்கு வீடு கட்ட நகருக்குள் இடமில்லை என்று கைவிரிப்பதும் அதே அரசுதான். ஏலம் விடும் மனைகளில் ஒரு பங்கையாவது ஒதுக்கி, பத்துப் பத்தாகச் சேர்த்து, ஒரே வரைபடம், ஒரே அனுமதி, முப்பது ஆண்டுக் குத்தகை, வாடகைக்கு உச்சவரம்பு என்ற நிபந்தனையுடன் கொடுத்தால் கணக்கு மாறும். நிலம் அரசிடமே இருக்கும். அதன் விலை வாடகையில் ஏறாது. மலிவு வாடகை வீடுகளுக்கென்று மத்திய அரசின் திட்டமே 2020 முதல் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. சும்மா கிடக்கும் இடமெல்லாம் வீணான இடமல்ல. ஏரிக்கரையிலும் மழைநீர் ஓடைகளின் ஓரத்திலும் கட்டியதன் பலனைப் பெங்களூர் 2022 செப்டம்பர் வெள்ளத்தில் அனுபவித்தது. மலிவு வீடு என்ற பெயரில் ஏழையை ஓடைக்குள் குடிவைப்பது உதவியல்ல.

மற்ற எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வரும். குப்பை மேட்டைச் சகித்துக்கொள்ளும் தெரு, அங்கே ஆறு துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் குடிவந்தால் புகார் மனு எழுதும். அந்த மனுவை வாங்கிப் படித்துவிட்டு, கட்டட வேலையை நிறுத்தாமல் தொடரும் துணிச்சல் ஓர் அதிகாரிக்கு வேண்டும். மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது. மனைகள் அவருக்காகக் காத்திருக்கப்போவதில்லை.