வரிசையை விட்டு விலகிய எறும்பு

எறும்பும் வெட்டுக்கிளியும் என்னும் ஈசாப்புக் கதையை அறியாத சிறுவர் அரியர். கோடை முழுவதும் பாடித் திரிந்த வெட்டுக்கிளி குளிர்காலத்திலே எறும்பின் வாயிலில் வந்து இரந்து நிற்கும். எறும்போ வெறும் அறிவுரை கூறி அதனை அனுப்பிவிடும். உழைப்பின் உயர்வைக் கற்பித்தற்கு இக்கதையை நாம் வகுப்பறையில் எத்தனையோ முறை எடுத்தாண்டுள்ளோம். ஆயினும், எறும்பினும் பன்மடங்கு பெரிதான வெட்டுக்கிளி இரவாமற் பறிக்க முற்பட்டால் எறும்பு யாது செய்யும் என நாம் ஒருகாலும் வினவியதில்லை.

அவ்வினாவை எழுப்பி விடையும் கண்டது ஓர் அமெரிக்கச் சித்திரப் படம். 'ஏ பக்ஸ் லைஃப்' என்பது அதன் பெயர். 'ஒரு பூச்சியின் வாழ்க்கை' எனப் பொருள்படும். 'டோய் ஸ்டோரி' என்ற படத்தை 1995 இல் கணினியின் துணைகொண்டே ஆக்கி உலகை வியக்கவைத்த பிக்சார் நிறுவனத்தார், 1998 இல் வெளியிட்ட இரண்டாவது முழுநீளப் படம் இதுவாகும். ஜோன் லசற்றர் நெறிப்படுத்த, அன்ட்ரூ ஸ்டன்டன் துணை நின்றார். பூச்சியின் கண்ணுக்கு உலகம் எவ்வாறு தோன்றும் என அறிதற்பொருட்டு, இவர்கள் சிறியதொரு கமராவைச் சில்லுகளிற் பூட்டிப் புல்லினூடே உருட்டிப் பார்த்தனராம். இலைகளை ஊடுருவி வரும் ஒளியின் அழகு படத்தில் இடம்பெற்றது அவ்வாறே.

கதையின் நாயகன் பிளிக் என்னும் எறும்பு. ஆண்டுதோறும் எறும்புகள் தானியம் சேர்த்து வெட்டுக்கிளிகளுக்குத் திறை செலுத்துகின்றன. எல்லா எறும்புகளும் வரிசையாகச் சென்று மணி மணியாகப் பொறுக்க, பிளிக் மாத்திரம் அறுவடைக்கு ஒரு பொறி செய்து திரிகிறான். அந்தப் பொறியாலேயே திறைப் பொருள் முழுவதும் சரிந்து வீணாகிறது. சினங்கொண்ட வெட்டுக்கிளித் தலைவன் ஹொப்பர் இருமடங்கு கேட்கிறான். துணைக்கு வீரரைத் தேடிச் செல்வதாகப் பிளிக் கூறியதும், தொல்லை ஒழிந்ததெனப் பெரியவர்கள் மகிழ்ந்து விடைகொடுக்கின்றனர். அவன் வீரரென நம்பி அழைத்து வந்தவர்களோ பிழைப்பிழந்த சர்க்கஸ் பூச்சிகள்! உண்மையை உணர்ந்த பின்னரும் அவன் அதனை மறைக்கிறான். அந்தப் பொய் வெளிப்பட்டபோது கூட்டத்தை விட்டே துரத்தப்படுகிறான். நாயகனாயினும் பொய்க்கு விலை கொடுத்தே ஆகவேண்டும் என்பதை மாணவர் இங்கே மனங்கொள்ளுதல் நன்று.

படத்தின் உயிர்நிலை, நம் எண்ணப்படி, இரண்டு சிறு காட்சிகளில் அடங்கியுள்ளது. தான் மிகச் சிறியவள் என வருந்தும் டொட் என்ற குட்டி இளவரசிக்குப் பிளிக் ஒரு சிறு கல்லைக் காட்டுகிறான். இதனை விதையாக எண்ணிக்கொள், பெருமரம் முழுவதும் இதனுள்ளே அடங்கியிருக்கிறது, வளர்வதற்குக் காலம் வேண்டும், அவ்வளவே என்று தேற்றுகிறான். பின்னர் அவன் மனமுடைந்து கிடக்கையில், அதேபோன்றதொரு கல்லை அவள் அவனிடம் கொடுக்கிறாள். ஆசிரியன் கற்பித்த பாடம் மாணாக்கனிடமிருந்து திரும்பி வரும் அருமையை இதனினும் எளிதாய்க் காட்டல் இயலாது.

மற்றையது ஹொப்பரின் காட்சி. ஓர் எறும்பு எதிர்த்தால் என்ன என்று இகழ்ந்த தன் தோழர்மேல் அவன் ஒரு தானிய மணியை எறிகிறான், நோவில்லை. இன்னொன்றை எறிகிறான், நகைக்கின்றனர். பின் குவியல் முழுவதையும் திறந்துவிடுகிறான். நகைத்தவர் அதனடியிற் புதையுண்டனர். எறும்புகளின் தொகையை எறும்புகள் அறியுமுன்னரே கொடியவன் அறிந்திருந்தான்! அடிபட்டு வீழ்ந்த பிளிக் எழுந்து, வெட்டுக்கிளிகளே நம்மை நம்பி வாழ்கின்றன என்று உரைத்தபோது, அவ்வுண்மை எறும்புகளுக்கும் விளங்கிற்று. அஞ்சியிருந்த கூட்டம் அணிதிரண்டது.

இயற்கை நூல் கற்றோர் இப்படத்திற் பிழை காணக்கூடும். உழைக்கும் எறும்புகள் யாவும் பெண்ணினமே. ஆகவே பிளிக் போன்றதோர் ஆண் உழைப்பாளி புற்றில் இரான். எறும்புக்கு ஆறு கால்கள் இருக்க, படத்து எறும்புகளுக்குக் கையுங் காலுமாக நான்கே உள்ளன. ஆனால், ஒன்றில் மட்டும் படம் இயற்கையோடு முற்றும் ஒத்துநிற்கிறது. எறும்புகள் நிலத்திலே மணமுள்ள ஒரு பொருளைத் தடமாக இட்டு, அதனைப் பின்பற்றி வரிசையாய்ச் செல்கின்றன. அவற்றுட் சில தடத்தினின்று விலகி அலைவதுண்டு. அவ்வாறு அலைந்தது புதிய உணவைக் கண்டால், மீளும்போது புதுத்தடம் இட்டு வரும். ஏனையவை அதன்வழிச் செல்லும். பழைய உணவு தீர்ந்த நாளிலே புற்றுக்குச் சோறு தேடித் தருவது, அன்று வழி தவறியதாகத் தோன்றிய அந்த எறும்பேயாம்.

விடுமுறை நாளொன்றில் வீட்டுப் பிள்ளைகளுடன் இப்படத்தை நாம் கண்டபோது, எம் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. சில ஆண்டுகளின் முன் மாணவன் ஒருவன் கணக்கொன்றைப் புத்தகத்தில் இல்லாத வேறொரு வழியாற் செய்து காட்டினான். விடை சரியே. எனினும், "கற்பித்த முறைப்படி செய்க" என்று சிவப்பு மையால் எழுதிப் புள்ளியைக் குறைத்தோம். அதன்பின் அவன் வகுப்பிலே கேள்வி கேட்டதை நாம் கண்டதில்லை. வரிசை குலையாமற் காப்பதே எம் கடமையென அன்று எண்ணினோம். இன்று நினைக்கையில், பிளிக்கை வழியனுப்பி மகிழ்ந்த பெரியவர் கூட்டத்தில் நாமும் ஒருவராய் நின்றது தெரிகிறது.

அம்மாணவன் இப்பொழுது எமது கல்லூரியில் இல்லை. அவனிடம் கூறவேண்டியதை அவன் இருந்த வாங்கில் இன்று இருக்கும் மாணவர்க்குக் கூறுகின்றோம்: வேறு வழி தோன்றினால் அஞ்சாது காட்டுங்கள், பிழையாயின் சேர்ந்தே திருத்துவோம். படத்தின் முடிவிலே எறும்புகள் யாவும் பிளிக்கின் பொறியைக் கொண்டே அறுவடை செய்கின்றன. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து காணத்தக்க படம் இது. எம்போன்ற ஆசிரியர்களும் உடனிருந்து காண்பது நலம்.